திருத்தணி எதற்குள் இருக்கிறது?

திருத்தணி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் திருவள்ளூர் என்று உடனே சொல்லிவிடலாம். அந்த விடை 1997 ஜனவரி 1 முதல்தான் செல்லும். அதற்கு முந்தைய நாள் வரை ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-க்கு முன் கேட்டிருந்தால் ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டம் என்பது விடை. 1956 நவம்பருக்கு முன் அதே சித்தூர், ஆனால் ஆந்திர மாநிலம். 1953 அக்டோபருக்கு முன் அதே சித்தூர், ஆனால் அன்றைய சென்னை மாநிலம். சித்தூர் மாவட்டமே 1911-இல்தான் உருவானது. அதற்கு முன் இது கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்த வட ஆற்காட்டு ஊர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தார். அவர் பிறந்த மாவட்டம் திருவள்ளூர் என்று எழுதினால் அந்த நாளில் இல்லாத ஒரு மாவட்டத்தில் அவரைப் பிறக்க வைத்தவர்கள் ஆவோம். மலையும் அதன் 365 படிகளும் இருந்த இடத்திலேயே இருக்க, ஊருக்கு மேலே எழுதப்படும் பெயர்கள் குறைந்தது 6 முறை மாறியிருக்கின்றன. அந்த மாற்றங்களில் ஒன்று ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தாலும், அதன்பின் நடுவர் படாஸ்கர் அளித்த தீர்ப்பாலும், 1959-இன் எல்லை மாற்றச் சட்டத்தாலும் வந்தது. ஓர் ஊர் எதற்குள் இருக்கிறது என்பதற்காக மனிதர்கள் சிறை சென்றிருக்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகிறவர்கள் நாள்தோறும் செய்யும் ஒரு வேலையைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு நேரடியாக உதவுகிறது. வெளியிலிருந்து அவர்கள் கைக்கு வரும் தரவு பெரும்பாலும் ஜேசான் வடிவில், ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்டாக, சம்படத்துக்குள் சம்படம் வைத்ததுபோல் வருகிறது. அதைத் திரையில் அட்டவணையாகக் காட்ட வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், கூட்டிப் பார்க்க வேண்டும் என்றால் வரிக்கு ஒரு பதிவாக அமைந்த அரே தேவைப்படுகிறது. வருவது இப்படி இருக்கும்:

{
  "தமிழ்நாடு": {
    "திருவள்ளூர்": {
      "திருத்தணி": { "வகை": "நகராட்சி", "அஞ்சல் எண்": "631209" }
    }
  },
  "ஆந்திரப் பிரதேசம்": {
    "சித்தூர்": {
      "நகரி": { "வகை": "நகராட்சி", "அஞ்சல் எண்": "517590" }
    }
  }
}

வேண்டியது இப்படி:

[
  { "மாநிலம்": "தமிழ்நாடு", "மாவட்டம்": "திருவள்ளூர்", "ஊர்": "திருத்தணி", "வகை": "நகராட்சி", "அஞ்சல் எண்": "631209" },
  { "மாநிலம்": "ஆந்திரப் பிரதேசம்", "மாவட்டம்": "சித்தூர்", "ஊர்": "நகரி", "வகை": "நகராட்சி", "அஞ்சல் எண்": "517590" }
]

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். முதல் வடிவத்தில் மாநிலம், மாவட்டம், ஊர் என்ற சொற்களே இல்லை. திருத்தணி தமிழ்நாட்டைச் சேர்ந்தது என்று அங்கே யாரும் எழுதவில்லை. எந்த அடைப்புக்குறிக்குள் அது உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பார்த்து நாமாக அறிந்துகொள்கிறோம். இரண்டாவதில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த மாற்றத்தை வெறும் உருவ மாற்றமாக நினைப்பது தவறு என்பது என் கட்சி. இடத்தால் உணர்த்தப்பட்டதைச் சொல்லால் எழுதிவைக்கும் வேலை இது. எது எதைச் சேர்ந்தது என்பது ஒரு தகவல். அதற்கும் தேதி உண்டு, சான்று உண்டு, மறுப்பு உண்டு. அப்படிப்பட்ட தகவலைச் சம்படத்தின் சுவராக வைக்காமல், பதிவின் ஒரு புலமாக வைக்க வேண்டும்.

இந்தக் கட்சியை ஏற்றால் முதலில் எழும் கேள்வி: எந்தச் சாவி (இடது பக்கத்துப் பெயர்) தகவல், எந்தச் சாவி வெறும் தலைப்பு? மேலே உள்ள எடுத்துக்காட்டில் 'வகை', 'அஞ்சல் எண்' ஆகியவை தலைப்புகள். எந்த ஊரை எடுத்தாலும் அவை அப்படியே இருக்கும். 'தமிழ்நாடு', 'திருவள்ளூர்', 'திருத்தணி' ஆகியவையோ உலகத்திலுள்ள பொருள்களின் பெயர்கள். இரண்டையும் ஜேசான் ஒரே மாதிரி, மேற்கோள் குறிக்குள் இடது பக்கத்தில் எழுதுகிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு: நாளை உலகத்தில் புதிதாக ஒன்று சேர்ந்தால் இந்த ஆப்ஜெக்டில் புதிய சாவி முளைக்குமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. மாவட்டப் பெயரைச் சாவியாக வைத்த ஆப்ஜெக்டில் 6 சாவிகள் கூடியிருக்கும். அப்படியானால் அது தகவல். பதிவின் வலது பக்கத்துக்கு, மதிப்பின் இடத்துக்கு அது இறங்க வேண்டும். புள்ளியியல் அறிஞர் ஹாட்லி விக்கம் 2014-இல் எழுதிய 'டைடி டேட்டா' கட்டுரையில் அட்டவணைகளின் பொதுவான கோளாறுகளைச் சொல்லும்போது, தலைப்பில் இருக்க வேண்டிய மாறியின் பெயருக்குப் பதிலாக மதிப்புகள் தலைப்பில் ஏறி நிற்பதை முதலில் வைக்கிறார். அடுக்கு ஆப்ஜெக்டில் நடப்பதும் அதே கோளாறுதான்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் வேலையைக் கருவிகளிடம் விடுவதால்தான் பல குழப்பங்கள் வருகின்றன. 'ஃப்ளாட்டன்' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு செயல்கள் புழங்குகின்றன. ஒன்று, அடுக்கில் உள்ள எல்லாச் சாவிகளையும் புள்ளி வைத்து ஒட்டி, 'தமிழ்நாடு.திருவள்ளூர்.திருத்தணி.வகை' என்று நீளமான தலைப்பாக்கி, எல்லாவற்றையும் ஒரே வரியில் பரப்பிவிடுவது. பைத்தான் உலகில் பாண்டாஸின் 'ஜேசான் நார்மலைஸ்' இதைச் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் இதற்கான சிறு தொகுப்புகள் பல உண்டு. ஒரு விண்ணப்பதாரரின் முகவரிக்குள் தெரு, ஊர், அஞ்சல் எண் என்று இருந்தால் இந்த முறை பொருந்தும், ஏனென்றால் அவை தலைப்புகள். மாவட்டப் பெயர்களுக்கு இதைச் செய்தால் ஆயிரம் தலைப்புகளும் ஒரே ஒரு வரியும் கொண்ட பயனற்ற அட்டவணை கிடைக்கும். மற்றொன்று, சாவியை மதிப்பாக்கி வரி வரியாகப் பிரிப்பது. நமக்கு வேண்டியது இது. இரண்டில் எது என்று தீர்மானிக்க எந்தத் தொகுப்பாலும் முடியாது. தரவின் பொருள் தெரிந்த மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் தொடங்கி 2021 அக்டோபர் 31 வரை நடத்திய 'கோவிட்19இந்தியா' தளம், மாவட்டவாரி எண்ணிக்கையை ஜேசானாக யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. அதன் மாவட்டக் கோப்பு முதலில் மாநிலப் பெயரைச் சாவியாகவும், அதனுள் மாவட்டப் பெயரைச் சாவியாகவும் கொண்டிருந்தது. அதே கோப்பின் இரண்டாம் வடிவத்தில் மாநிலங்கள் ஓர் அரே ஆயின; மாநிலப் பெயர் 'ஸ்டேட்' என்ற புலத்தின் மதிப்பாக இறங்கியது; உள்ளே மாவட்டங்களும் அரே ஆயின, ஒவ்வொன்றின் பெயரும் 'டிஸ்ட்ரிக்ட்' என்ற புலத்தில் அமர்ந்தது. பழைய வடிவத்தையும் நிறுத்தாமல் தந்தார்கள் என்பது அவர்களுடைய பொறுப்புணர்வு. ஆனால் இது பாதி வழி. மாவட்டப் பதிவில் மாநிலத்தின் பெயர் இல்லாததால், எல்லா மாவட்டங்களையும் ஒரே பட்டியலாக வரிசைப்படுத்த நினைத்தவர் இன்னொரு படி இறங்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக் கணக்கில் வேறொரு சிக்கலும் இருந்தது. மாவட்டங்களின் வரிசையிலேயே விமான நிலையத் தனிமைப்படுத்தல், ரயில் நிலையத் தனிமைப்படுத்தல் என்ற தலைப்புகளும் நின்றன. அரசின் அன்றாட அறிக்கையிலேயே அவை தனி வரிகளாக வந்தன. சாவியாக இருக்கும்வரை திருவள்ளூரும் விமான நிலையமும் ஒரே இனம். பதிவாக மாற்றும்போதுதான் 'வகை' என்று ஒரு புலம் சேர்த்து, இது மாவட்டம், இது மாவட்டம் அல்ல என்று எழுத முடியும். சாவிகளை எண்ணி மாவட்டங்களைக் கணக்கிட்ட எந்த நிரலும் அந்த நாள்களில் தமிழ்நாட்டுக்குக் கூடுதல் மாவட்டங்களைக் கொடுத்திருக்கும்.

செய்முறைக்கு வருவோம். 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்டில் இந்த வேலை நெடுங்காலம் 'ஃபார்-இன்' சுழலை ஒன்றுக்குள் ஒன்று எழுதி, வெளியே ஒரு வெற்று அரேயை வைத்து, அதில் ஒவ்வொன்றாகத் தள்ளிச் செய்யப்பட்டது. 2009-இல் 'ஆப்ஜெக்ட்.கீஸ்' வந்தது. 2017-இல் வந்த 'ஆப்ஜெக்ட்.என்ட்ரீஸ்' இந்தப் பணிக்கென்றே செய்தது போன்றது: ஓர் ஆப்ஜெக்டைக் கொடுத்தால் சாவியும் மதிப்புமாக இணை இணையாக அரேயில் தரும். இடது பக்கத்தில் இருந்த திருவள்ளூர் அந்தக் கணத்தில் எடுத்தாளக்கூடிய ஒரு மதிப்பாகிவிடுகிறது. 2018-இல் ஆப்ஜெக்டை முப்புள்ளியால் விரித்து ஒன்றில் ஒன்று சேர்க்கும் வசதியும், 2019-இல் 'ஃப்ளாட்மேப்'பும் வந்தன. ஆகவே மூன்று அடுக்குக்கு இன்றைய முறை சுருக்கமானது. மாநிலங்களின் என்ட்ரீஸ் மேல் ஒரு ஃப்ளாட்மேப், அதனுள் மாவட்டங்களின் என்ட்ரீஸ் மேல் இன்னொரு ஃப்ளாட்மேப், அதனுள் ஊர்களின் என்ட்ரீஸ் மேல் ஒரு மேப். அந்தக் கடைசி மேப் மாநிலம், மாவட்டம், ஊர் ஆகிய மூன்றையும் எழுதி, ஊரின் விவரத்தை விரித்துச் சேர்த்த ஒரு புதிய ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகிறது. வெளி அடுக்குகளில் ஃப்ளாட்மேப்புக்குப் பதில் மேப் போட்டால் அரேக்குள் அரே கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 'ரெட்யூஸ்' கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் பழைய அரேயை விரித்துப் புதிய அரே செய்கிறவர்களும் உண்டு. விடை சரியாக வரும்; ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பட்டியலும் நகலாவதால், ஊர்கள் பத்து மடங்கானால் வேலை ஏறக்குறைய நூறு மடங்காகும்.

முப்புள்ளி விரிப்பில் ஒரு கவனம் வேண்டும். வெளியே இருந்து வரும் ஊரின் பெயரை 'பெயர்' என்ற புலத்தில் வைத்து, அதன்பின் உள் விவரத்தை விரித்தால், உள்ளேயும் 'பெயர்' என்று ஒரு புலம் இருக்கும்போது பின்னால் வந்தது முன்னால் இருந்ததை மூடிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாவட்டத்தின் பெயர், ஊரின் பெயர், பொறுப்பாளரின் பெயர் எல்லாம் 'பெயர்' ஆக இருப்பது அடுக்கு வடிவத்தில் செல்லும், ஏனென்றால் இடம் அவற்றைப் பிரித்துக் காட்டும். பதிவில் அந்த உதவி இல்லை; ஒவ்வொன்றுக்கும் தன் பெயரிலேயே தன் அடையாளம் வேண்டும். அடுக்கின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும்போது தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு எழுதுகிறார்கள். அங்கே 'நல்' மதிப்பையும் ஆப்ஜெக்ட் என்றே 'டைப்ஆஃப்' சொல்லும் என்பதை மறந்தால் நிரல் நடுவழியில் விழும்.

சாவிகளின் வரிசை பற்றிப் பலர் அறியாத ஒன்று உண்டு. ஆப்ஜெக்டில் நாம் எழுதிய வரிசையிலேயே சாவிகள் திரும்ப வரும் என்று நம்புகிறோம். முழு எண் போன்ற சாவிகளுக்கு அது பொருந்தாது. அவை எப்போதும் முன்னால் வந்து, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கப்படும். மற்றவைதான் எழுதிய வரிசையில் பின்னால் வரும். ஒரு கிராமத்தின் நிலங்களைச் சர்வே எண்ணைச் சாவியாக வைத்து 112, 45/2ஏ, 7 என்ற வரிசையில் எழுதினால், என்ட்ரீஸ் தருவது 7, 112, 45/2ஏ. உட்பிரிவு உள்ள நிலம் தன் இடத்தை விட்டுக் கடைசிக்குப் போய்விட்டது. தொலைபேசிக் குறியீட்டைச் சாவியாக்கினால் '44' முன்னால் பாயும், '044' சாதாரணச் சொல்லாகக் கருதப்பட்டு எழுதிய வரிசையில் பின்னால் நிற்கும். பதிவுகளின் அரேயில் வரிசை என்பது நாம் வைத்த வரிசைதான். வரிசைக்குப் பொருள் இருந்தால் அதற்கும் 'வரிசை எண்' என்று ஒரு புலம் கொடுத்துவிடலாம்.

தமிழில் சாவி எழுதுகிறவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு சிக்கல். பொன்னேரி என்ற பெயரின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ஒரே குறியாகவும், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்ஜெக்டுக்கோ அவை இரண்டு வெவ்வேறு சாவிகள். இரண்டு அலுவலகங்களிலிருந்து வந்த கோப்புகளைச் சேர்க்கும்போது ஒரே ஊர் இரண்டு ஊராகி, ஒவ்வொன்றிலும் பாதிக் கணக்கு நிற்கும். சோளிங்கருக்கும் இதே நிலைமை. 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு 2015 முதல் மொழியிலேயே இருக்கிறது; சாவியை மதிப்பாக்கும் அந்த நொடியில் அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆங்கில எழுத்தில் திருத்தணியை எழுதும்போது 'எச்' சேர்ப்பதா இல்லையா என்ற பழைய சிக்கலும் இதே இனம்தான். பெயரை அடையாளமாக நம்புவதுதான் இதன் வேர். பதிவில் பெயர் ஒரு புலம், குறியீடு இன்னொரு புலம் என்று இரண்டையும் வைக்க இடம் இருக்கிறது. அதோடு, ஒரே அடுக்கில் ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள் இருந்தால் 'ஜேசான்.பார்ஸ்' கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு முந்தையதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒரு கிராமமே கணக்கிலிருந்து காணாமல் போகும். அரேயில் இரண்டும் இருக்கும்.

இதுவரை சொன்னவை கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய பிழைகள். எத்தனை கவனமாக இருந்தாலும் அடுக்கு வடிவத்தால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. திருத்தணி வருவாய்த்துறைக்குத் திருவள்ளூர் மாவட்டம்; நாடாளுமன்றத் தேர்தலுக்கு அரக்கோணம் தொகுதி. அரக்கோணம் நகரமோ 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ரயிலுக்கு இந்த ஊர் அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் உள்ள நிலையம். மலைக்கோயில் அறநிலையத்துறையின் வேறொரு நிர்வாக வரிசையில் வருகிறது. ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்ட் வைக்கும் வடிவத்தில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு தாய்தான் இருக்க முடியும். மாவட்டத்துக்குள் வைத்தால் தொகுதி தெரியாது, தொகுதிக்குள் வைத்தால் மாவட்டம் சிதறும். பதிவில் மாவட்டம் ஒரு புலம், தொகுதி ஒரு புலம், ரயில் பாதை ஒரு புலம். எதுவும் எதற்கும் இடைஞ்சல் இல்லை.

நம் கிராம நிர்வாக அலுவலர்கள் இதை நெடுங்காலமாகக் காகிதத்தில் செய்துவந்திருக்கிறார்கள். அ-பதிவேட்டில் வரிக்கு ஓர் உட்பிரிவு: சர்வே எண், உட்பிரிவு எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர். சிட்டாவோ பட்டா எண்ணின்கீழ் பட்டாதாரருடைய நிலங்கள் எல்லாவற்றையும் திரட்டிக் காட்டுவது. முதலாவது பதிவு வரிசை, இரண்டாவது அடுக்கு. நிலத்தை வைத்துக் கேட்கும் கேள்விக்கு முன்னது, ஆளை வைத்துக் கேட்கும் கேள்விக்குப் பின்னது. அ-பதிவேடு முழுமையாக இருந்தால் எந்தச் சிட்டாவையும் அதிலிருந்து எழுதிவிடலாம். ஒரே ஒரு சிட்டாவை வைத்துக்கொண்டு அ-பதிவேட்டை எழுத முடியாது. எல்லாச் சிட்டாக்களையும் பிரித்து வரியாக்கிய பிறகே முடியும். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே நிலைதான். பதிவுகளை எந்தப் புலத்தின்படியும் அடுக்க 2024-இல் தரப்படுத்தப்பட்ட 'ஆப்ஜெக்ட்.குரூப்பை' ஒரே வரியில் உதவும். ஓர் அடுக்கிலிருந்து வேறோர் அடுக்குக்குப் போக வேண்டுமென்றால் பதிவு வரிசையின் வழியாகத்தான் போக வேண்டும். இந்த ஒருதலையான வசதியே, எதை மூலமாக வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடை.

கணினித் துறையின் வரலாறும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1960-களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஐஎம்எஸ் தரவுத்தளம் மரம்போல் கிளைத்த அமைப்பில்தான் தரவை வைத்தது. அதே நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரை, தரவு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதை நம்பி எழுதிய நிரல் அந்தக் கிளை மாறியதும் உடையும் என்று காட்டி, எல்லாவற்றையும் வரிகளும் புலங்களுமாக வைக்கும் உறவு முறையை முன்வைத்தது. இன்று ஜேசான் மரமாகவே தரவை வைக்கும் கூகுளின் ஃபயர்பேஸ் ரியல்டைம் டேட்டாபேஸ் 32 அடுக்குவரை அனுமதிக்கிறது. ஆனால் அதன் சொந்த வழிகாட்டியே ஆழமாக அடுக்காதீர்கள், பரப்பி வையுங்கள் என்று சொல்கிறது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை, அவற்றில் சில கனமானவை. நிர்வாகம் இயல்பிலேயே அடுக்கு, மாநிலத்துக்குள் மாவட்டம், மாவட்டத்துக்குள் வட்டம், குறுவட்டம், கிராமம் என்று இருக்கும்போது அதை ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்பார்கள். திரையில் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்களுக்கு அடுக்கு வடிவம் வசதி என்பது உண்மை. ஒன்றாகவே படிக்கப்படும் தரவை ஒன்றாகவே வைப்பது நல்லது என்று மாங்கோடிபி போன்ற ஆவணத் தரவுத்தளங்களைப் பயன்படுத்துவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு கொள்முதல் ஆணையும் அதிலுள்ள பொருள் வரிகளும் பிரியவே போவதில்லை என்றால் பிரிக்க வேண்டாம். மாவட்டமும் ஊரும் அப்படி அல்ல. 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது சத்தியவேடு பகுதி அந்தப் பக்கம் போனது. 2022-இல் சித்தூர் பிரிந்தபோது அதே சத்தியவேடு திருப்பதி மாவட்டமானது. காட்சிக்கு அடுக்கு, இருப்புக்குப் பதிவு என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் குறையில்லை.

தேடும் வேகம் பற்றிய மறுப்புக்கு விடை எளிது: அரேயிலிருந்து ஒருமுறை 'மேப்' வகை அட்டவணை கட்டிக்கொண்டால் சாவி வழித் தேடல் கிடைத்துவிடும், எண் சாவிகளை அது இடம் மாற்றவும் செய்யாது. ஒவ்வொரு பதிவிலும் 'தமிழ்நாடு' என்று திரும்பத் திரும்ப எழுதுவதால் கோப்பு பெருகும் என்பதும் பெரிய தடை அல்ல. வலைவழி அனுப்பும்போது செய்யப்படும் ஜிசிப் சுருக்கம் இப்படிப்பட்ட திரும்பல்களைத்தான் நன்றாகச் சுருக்குகிறது. ஆனால் இதே திரும்பலால் வரும் இன்னொரு மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. மாநிலத்தின் பெயர் 1969-இல் தமிழ்நாடு என்று மாறியதுபோல் ஒரு பெயர் மாறினால் ஆயிரம் பதிவுகளைத் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தரவு தனக்குள்ளேயே முரண்படும். இதற்கு விடை, ஊர்ப் பதிவில் மாவட்டக் குறியீட்டை மட்டும் வைத்து, மாவட்டங்களுக்கென்று தனி அரே வைப்பது. ஒரு பெரிய மரம் ஒரே அட்டவணையாக அல்ல, ஒன்றையொன்று குறிக்கும் இரண்டு மூன்று அட்டவணைகளாக இறங்க வேண்டும்.

மிகக் கூர்மையான மறுப்பு, பரப்பும்போது இழப்பும் பெருக்கமும் நேர்கிறது என்பது. ஊர் எதுவும் இன்னும் பதியப்படாத ஒரு மாவட்டம் அடுக்கில் வெற்று ஆப்ஜெக்டாக நிற்கும்; ஃப்ளாட்மேப் அதற்கு ஒரு வரியும் தராது, மாவட்டமே மறையும். ஒரு வட்டத்துக்குள் கிராமங்களும் வாக்குச்சாவடிகளும் இரண்டு தனி அரேக்களாக இருக்க, இரண்டையும் ஒரே வரியில் பரப்பினால் ஒவ்வொரு கிராமமும் ஒவ்வொரு சாவடியோடும் சேர்ந்து கணக்கு வீங்கும். இரண்டும் உண்மையான ஆபத்துகள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது என்று முதலில் முடிவு செய்யாதது. வரி என்பது ஊர் என்றால் மாவட்டங்களுக்கு வேறு அரே. வரி என்பது சாவடி என்றால் கிராமங்களுக்கு வேறு அரே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணை இதற்கு நல்ல பாடம். அது அடுக்கைப் பரப்பிய அட்டவணைதான்: ஒவ்வொரு வரியிலும் மாநிலம், மாவட்டம், துணை மாவட்டம், ஊர், வார்டு ஆகியவற்றின் குறியீடுகள். தமிழ்நாடு 33, திருவள்ளூர் 602. ஆனால் மாநில வரியும், மாவட்ட வரியும், ஊர் வரியும், வார்டு வரியும் ஒரே அட்டவணையில் கலந்து நிற்கின்றன. போதாததற்கு மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று மூன்று வகை. 'நிலை' என்ற புலத்தைப் பார்க்காமல் கூட்டுகிறவருக்குத் தமிழ்நாட்டின் மக்கள்தொகை பல மடங்காக வரும். அந்த ஒரு புலத்தை எழுதிவைத்ததால்தான் அட்டவணை பயன்படுகிறது.

திருத்தணிக்குத் திரும்பினால், அந்த ஊருக்கான சரியான தரவு ஒரு வரி அல்ல, ஏழு வரிகள்; ஒவ்வொன்றிலும் ஊர், மாவட்டம், மாநிலம், முதல், வரை என்ற புலங்கள். வட ஆற்காடு 1911 வரை, சித்தூர் 1911 முதல் 1960 வரை மூன்று வெவ்வேறு மாநிலப் பெயர்களோடு, செங்கல்பட்டு 1960 முதல் 1996 முடிய இரண்டு மாநிலப் பெயர்களோடு, பிறகு திருவள்ளூர். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் ஒரு 'ஃபைண்ட்' விடை சொல்லும். 'செங்கல்பட்டு' என்ற சாவியை மட்டும் நம்பியவருக்கோ இன்னொரு பொறி காத்திருக்கிறது. 1997-இல் மறைந்த அந்த மாவட்டப் பெயர், காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019-இல் மறுபடியும் வந்தது. பெயர் ஒன்று, நிலப்பரப்பு வேறு. புதிய செங்கல்பட்டில் திருத்தணி இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கணக்கு நாள் 2027 மார்ச் 1. அதன் எண்களை 2011-இன் எண்களோடு ஒப்பிட விரும்பும் ஒவ்வொருவரும் 32 மாவட்டங்களையும் 38 மாவட்டங்களையும் பொருத்தியாக வேண்டும். 2011-இல் 604 என்ற ஒரே குறியீட்டில் இருந்த காஞ்சிபுரம் இன்று இரண்டு மாவட்டம். தரவை வெளியிடும் அலுவலகங்களிடமும், அதை எடுத்து ஜேசானாக்கிப் பொதுவில் வைக்கும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பெயரைச் சாவியாக்காதீர்கள். வரிக்கு ஒரு பதிவு, பெயரோடு குறியீடு, அந்தச் சேர்க்கை எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்ற இரண்டு தேதிகள்: இவற்றை வெளியிடும்போதே சேர்த்துக் கொடுங்கள்.